விசித்திர ரிவால்வர்கள்: பார்க்க அசத்தல்... கையில் எடுத்தால் சிக்கல்! ஏன்?

கோவில்பட்டியில் இருந்து திருநெல்வேலி பக்கம் ரயில் ஏறினால், கடம்பூரைத் தாண்டி வரும் ஜங்ஷன் வாஞ்சி மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று இங்கே நின்றிருந்த ரயில் பெட்டிக்குள் ஏறி, கலெக்டர் ஆஷைச் சுட்டார் வாஞ்சிநாதன். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இதைப் பற்றிப் பேசுபவர்களில் பலர், 'ரிவால்வரை எடுத்தார்' என்றுதான் சொல்வார்கள். ஆனால், அவர் கையில் இருந்தது ரிவால்வர் இல்லை. பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் பிஸ்டல்.

'ரெண்டும் கைத்துப்பாக்கிதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம்?' என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்கள் அப்போதுதான் சந்தைக்கு வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. 'இனி ரிவால்வருக்கு வேலை இல்லையோ?' என்ற பயம் அதைச் செய்தவர்களுக்கு வந்த காலம் அது. அந்தப் பயத்தில் பிறந்தவைதான், இன்று ரீல்ஸில் லட்சக்கணக்கில் வியூஸ் அள்ளும் விசித்திர ரிவால்வர்களில் பல. இன்னும் சில அதற்கும் முன்பே, இன்னும் சில நேற்று முன்தினம் வந்தவை.

தானாகச் சுழலும் ரிவால்வர், ஒன்பது தோட்டாவோடு ஒரு ஷாட்கன்னையும் சுமக்கும் ரிவால்வர், கத்தியும் கைக்காப்பும் சேர்ந்த ரிவால்வர், பேரல் தலைகீழாக இருக்கும் ரிவால்வர்... பார்த்தால் 'செம ஐடியாவா இருக்கே' என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால், இவற்றில் பெரும்பாலானவை ஏன் கடையில் நிலைக்கவில்லை? இந்தக் கேள்விக்கான பதில், நம் ஊரில் 'பெண்களுக்கான ரிவால்வர்' என்று விற்கப்பட்ட ஒன்றைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

முதலில், ரிவால்வர் எப்படி வேலை செய்கிறது?

தீபாவளிக்கு வாங்கும் ரிங் கேப் துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? எட்டுக் குமிழ் வைத்த சிவப்பு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி, விசையை இழுக்க இழுக்க வளையம் சுற்றிக்கொண்டே வரும். நிஜ ரிவால்வரின் அடிப்படையும் அதுதான். உருளையான சிலிண்டரில் பெரும்பாலும் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டா. விசையை இழுத்தால் சிலிண்டர் ஒரு படி சுழன்று, அடுத்த அறை பேரலுக்கு நேராக வந்து நிற்கும். பின்னால் இருக்கும் சுத்தியல் விழும். அவ்வளவுதான்.

இதன் பெரிய பலம், எளிமை. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் அப்படி இல்லை. வெடிக்காத தோட்டாவைக் கையால் இழுத்து வெளியே தள்ள வேண்டும்.

பலவீனங்களும் உண்டு. சிலிண்டர் சுழல வேண்டுமானால் அதற்கும் பேரலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதன் வழியாக நெருப்பும் வாயுவும் கசியும். தோட்டா எண்ணிக்கை குறைவு. மீண்டும் நிரப்ப நேரம் ஆகும். விசை கனம். பேரல் கைக்கு மேலே இருப்பதால், சுட்டதும் முனை மேலே எகிறும். விசித்திர டிசைன்கள் ஒவ்வொன்றும் இதில் ஏதோ ஒன்றைச் சரிசெய்யக் கிளம்பியவைதான்.

தீப்பெட்டி ஊருக்கு எளிதில் புரியும் பிரச்னை

ரிவால்வரின் கதையில் இந்தியாவுக்கும் ஒரு சின்ன இடம் உண்டு. 1830-ல் 'கோர்வோ' என்ற கப்பலில் கல்கத்தாவுக்குக் கிளம்பிய 16 வயது அமெரிக்கப் பையன், அந்தப் பயணத்தில் மரத்தில் ஒரு சுழல் துப்பாக்கி மாதிரியைச் செதுக்கினான். அவன் பெயர் சாமுவேல் கோல்ட். 1836-ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கோல்ட் ரிவால்வர் உலகப் புகழ் பெற்றது.

'கைத்துப்பாக்கிக்குச் சரியா வந்த ஐடியா, பெரிய துப்பாக்கிக்கும் வரும்தானே?' என்று சுழலும் சிலிண்டர் வைத்த ரைஃபிள்களையும் கோல்ட் நிறுவனம் செய்தது. அங்கேதான் சிக்கல்.

கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குச்சியில் ஒன்று பற்றினால் அது ஒன்றோடு நிற்காது. பக்கத்துக் குச்சி, அதற்குப் பக்கத்துக் குச்சி என்று மொத்தக் கட்டும் ஒரே மூச்சில் புஸ்ஸென்று போய்விடும். அந்தக் கால ரிவால்வர்களில் இன்று இருப்பது மாதிரி மூடிய உலோகத் தோட்டா கிடையாது. ஒவ்வொரு அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்துவார்கள். ஒரு அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவினால், பேரலுக்கு நேராக இல்லாத அறைகளும் சேர்ந்து வெடிக்கும்.

கைத்துப்பாக்கியில் இது நடந்தால், பெரும்பாலும் கை சிலிண்டருக்குப் பின்னால் இருப்பதால் தப்பிக்கலாம். ரைஃபிளை எப்படிப் பிடிப்போம்? இடது கை முன்னால் நீண்டு பேரலைத் தாங்கும். அதாவது, அந்த அறைகளின் வாய்க்கு நேராக. ஒரு படிவத்தில் சின்னத் தொல்லையாக இருந்தது, இன்னொரு படிவத்தில் கையையே காவு கேட்கும் ஆபத்தாக மாறியது. ஐடியா அதேதான், மனிதர் பிடிக்கும் இடம் மாறியதும் விளைவு மாறிவிட்டது. இந்தப் பாடம் பின்னால் பல தடவை திரும்ப வரும்.

கரிசல் சேறும் 'தானியங்கி ரிவால்வரும்'

விசித்திர ரிவால்வர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது, வெப்லி-ஃபோஸ்பரி. இதை வடிவமைத்த ஜார்ஜ் வின்சென்ட் ஃபோஸ்பரி, வங்காளப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1863-ல் வடமேற்கு எல்லையில் நடந்த அம்பேலா சண்டைக்காக விக்டோரியா கிராஸ் வாங்கியவர். பிஸ்டல் மாதிரி தானே தயாராகிக்கொள்ளும் ரிவால்வர் ஒன்று வேண்டும் என்பது அவரது கனவு.

அவர் செய்த வழி அழகானது. துப்பாக்கியின் மேல்பாதி, கீழ்ப்பாதி மீது தண்டவாளத்தில் ஓடுவது மாதிரி முன்னும் பின்னும் நகரும். சுட்டதும் வரும் பின்னுதை, மேல்பாதியைப் பின்னால் தள்ளும். சிலிண்டரின் வெளிப்பக்கத்தில் வளைந்து வளைந்து செதுக்கிய பள்ளத்தில் ஒரு முளை ஓடி, சிலிண்டரைத் தானாகச் சுழற்றும். சுத்தியலும் தானாக எழுந்து நிற்கும். அடுத்த முறை விசையை லேசாகத் தொட்டால் போதும். வீணாகும் உதையைப் பிடித்து வேலை வாங்குகிற சாமர்த்தியம்!

1901-ல் விற்பனைக்கு வந்தது. இலக்குச் சுடும் போட்டிகளில் நல்ல பெயர் எடுத்தது. பிறகு முதல் உலகப் போர் வந்தது. பதுங்குகுழிச் சேற்றுக்குள் இதை எடுத்துப்போன அதிகாரிகளுக்குத்தான் கஷ்டம் தெரிந்தது.

அது என்ன கஷ்டம் என்று கரிசல்காட்டுக்காரர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் ரெண்டு எட்டு வைத்தால் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்திருக்கும். சைக்கிள் மட்கார்டுக்குள் மண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். அதே கதைதான் ஃபோஸ்பரிக்கும். திறந்து கிடக்கும் பள்ளங்கள், வழுக்கி ஓட வேண்டிய தண்டவாளம். மண்ணும் சேறும் புகுந்தால் நின்றுவிடும். இன்னொன்று, மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்காவிட்டால் மேல்பாதி முழுசாகப் பின்னால் வராது, சிலிண்டர் பாதியில் நிற்கும். காயம்பட்டவரோ, பதற்றத்தில் இருப்பவரோ அப்படிப் பிடிக்க முடியுமா?

பிரிட்டிஷ் ராணுவம் இதை அதிகாரபூர்வமாக ஏற்கவே இல்லை. 1920-களில் உற்பத்தி நின்றது. மொத்தம் ஐயாயிரம்கூடச் செய்யப்படவில்லை. இன்று துப்பாக்கி சேகரிப்பவர்களிடமும், டாஷியல் ஹாமெட்டின் 'மால்டீஸ் ஃபால்கன்' நாவலிலும்தான் இதற்கு மதிப்பு.

கவனியுங்கள்: ஃபோஸ்பரி தீர்த்த பிரச்னை, ஒவ்வொரு முறையும் விசையைக் கனமாக இழுக்க வேண்டியிருப்பது. அதற்குக் கொடுத்த விலை, ரிவால்வரின் ஒரே பெரிய பலமான 'எந்த நிலையிலும் வேலை செய்யும்' என்ற நம்பிக்கை.

இடைவெளியை அடைத்தவர்

சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே கசியும் வாயுவை நிறுத்தினால் என்ன? இதற்கு விடை கண்டவர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து லியான் நாகந்த். ரஷ்யப் படைக்காக வந்த 1895 மாடல் நாகந்த் ரிவால்வரில், சுத்தியல் எழும்போது சிலிண்டரே முன்னால் நகர்ந்து பேரலோடு ஒட்டிக்கொள்ளும். தோட்டாவின் பித்தளை உறை பேரலுக்குள் கொஞ்சம் நுழைந்து, வெடிக்கும்போது விரிந்து, ஓட்டையை அடைத்துவிடும். சாதாரண ரிவால்வரில் சைலன்சர் மாட்டினாலும் சத்தம் அந்த இடைவெளி வழியே வெளியே வந்துவிடும். நாகந்தில் அது வேலை செய்யும்.

கேட்க அருமை. ஆனால், சிலிண்டரை முன்னால் தள்ளும் வேலையும் நம் விரல்தானே செய்ய வேண்டும்? விசை பயங்கரக் கனமாகிவிட்டது. அதற்கென்று தனித் தோட்டா வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் நிரப்ப முடியும், காலி உறையையும் ஒவ்வொன்றாகக் குத்தித்தான் எடுக்க முடியும். கிடைத்த கூடுதல் வேகமோ கொஞ்சம்தான். இருந்தும் இரண்டாம் உலகப் போர் வரை சோவியத் படையில் ஓடியது. காரணம், உள்ளே சிக்கலாக இருந்தாலும் முரட்டுத்தனமாக, கெட்டியாகச் செய்திருந்தார்கள். சாமர்த்தியத்தைவிடக் கெட்டித்தன்மைதான் அதைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

ரீல்ஸ் ஹிட் லிஸ்ட்: சீக்கிரமாக ஒரு பார்வை

லெமாட்: 1856-ல் காப்புரிமை பெற்றது. சிலிண்டரில் ஒன்பது குண்டு, நடு அச்சில் ஒரு குட்டி ஷாட்கன் குழாய். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதி அதிகாரிகள் வைத்திருந்தார்கள். பத்து வாய்ப்பு என்பது கவர்ச்சி. கனமும், ரெண்டு வகைக் குண்டைச் சுமக்க வேண்டியதும் தொல்லை.

அப்பாச்சி: ரிவால்வர், மடிக்கும் கத்தி, விரல்களில் மாட்டும் கைக்காப்பு மூன்றும் ஒன்றாக. 1900-ஐ ஒட்டிப் பாரிஸ் ரவுடிக் கும்பல்களின் பெயரால் புகழ்பெற்றது. பேரலே கிடையாது, குறி பார்க்கவே முடியாது. விசைக்குக் காப்பு வளையமும் இல்லாததால், பாக்கெட்டில் வைத்தால் வைத்திருப்பவருக்குத்தான் முதல் ஆபத்து. மூன்று வேலையையும் அரைகுறையாகச் செய்த பொருள்.

டார்டிக்: 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் வந்தது. பிஸ்டல் மாதிரி மேகசின், உள்ளே ரிவால்வர் மாதிரி சுழற்சி, முக்கோண வடிவத் தோட்டா. புத்திசாலித்தனம்தான். ஆனால் முக்கோணத் தோட்டாவை எந்தக் கடையில் போய் வாங்குவது? சீக்கிரமே கடையைக் கட்டிவிட்டார்கள்.

கியாப்பா ரைனோ: இந்த நூற்றாண்டின் இத்தாலியத் தயாரிப்பு. மற்ற ரிவால்வர்களில் சிலிண்டரின் மேல் அறை வெடிக்கும். இதில் கீழ் அறை வெடிக்கும். பேரல் கைக்கு நேராக இறங்குவதால் உதை மணிக்கட்டை மேலே திருகாமல் நேராகப் பின்னால் வரும். விசித்திரங்களில் உண்மையிலேயே பயன் தந்த டிசைன் இதுதான் என்பேன். அதற்கும் விலை உண்டு. உள்ளே நெம்புகோல்கள் அதிகம். வெளியே தெரியும் சுத்தியல்கூட நிஜச் சுத்தியல் இல்லை, உள்ளே இருப்பதை எழுப்பும் ஒரு கைப்பிடிதான். பழுது பார்க்க, சாதாரண ரிவால்வர் தெரிந்த மெக்கானிக் போதாது.

நம் ஊர் 'ஸ்பெஷல்': நிர்பீக்

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட பெண்ணை 'நிர்பயா' என்று நாடே அழைத்தது. 2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை, 'நிர்பீக்' என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. அதே 'பயமற்ற' என்ற பொருள்தான். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும்படி டைட்டானியம் உலோகக் கலவை, சுமார் 500 கிராம் எடை, பாயின்ட் 32 காலிபர். நகைப்பெட்டி மாதிரி ஒரு மெரூன் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். விலை 1,22,360 ரூபாய்.

டிசைன் பார்வையில் இதன் விசித்திரம் எடைதான். அதே தொழிற்சாலை வரிசையில் வரும் வழக்கமான பாயின்ட் 32 ரிவால்வர் சுமார் 700 கிராம். 200 கிராம் குறைப்பது கைப்பைக்கு நல்லது. கைக்கு? லோடு ஏற்றிய டெம்போவும் காலி டெம்போவும் ஒரே பள்ளத்தில் இறங்கினால் எது அதிகமாகக் குதிக்கும்? காலி வண்டிதான். அதே தோட்டா, எடை குறைந்த துப்பாக்கி என்றால் உதை கூடத்தான் செய்யும். பயிற்சி குறைவானவருக்கு என்று விற்கப்படும் பொருள், அதிகப் பயிற்சி கேட்கும் பொருளாக மாறுகிறது. கோல்ட் ரைஃபிளில் பார்த்த அதே பாடம்: பிடிப்பவர் யார், எந்த நிலையில் பிடிக்கிறார் என்பதை மறந்த டிசைன்.

அடுத்த ஆண்டு மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, பாயின்ட் 22 காலிபரில் 'நிடர்' என்ற இன்னும் லேசான ரிவால்வரைக் கொண்டுவந்தது. 2023 ஆகஸ்டில் கான்பூரில் இருந்தே 'பிரபல்' வந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும், 50 மீட்டர் வரை குறி எட்டும் என்பது விளம்பரம். சிலிண்டர் திறப்பு நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 50 மீட்டர்? தற்காப்பு உரிமையைப் பேசும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளின் சாரம், தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் கேடு செய்யக் கூடாது என்பது. அரை கால்பந்து மைதான தூரத்தில் நிற்பவரால் உங்கள் உயிருக்கு அந்த நொடியில் ஆபத்து என்று கோர்ட்டில் நிரூபிப்பது சாதாரண விஷயமா?

வாங்கினால்தான் என்ன? சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம் 1959-ன்படி 21 வயது நிரம்பியவர்தான் லைசென்ஸ் கேட்கலாம். போலீஸ் அறிக்கை கேட்பார்கள். 'எனக்கு என்ன அச்சுறுத்தல்' என்று காரணம் காட்ட வேண்டும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்க முடியும். கல்யாணம், விழா என்று வானத்தைப் பார்த்துச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரீல்ஸுக்குப் போஸ் கொடுக்கக் கிளம்புபவர்கள் கவனிக்க.

இதெல்லாம் இருக்கட்டும். கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டி யூனிட்களில் வேலை செய்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். விடியற்காலை வேன் பிடித்துப் போய், பொழுது சாயும்போது ஊர் விலக்கில் இறங்கி நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள். 1,22,360 ரூபாய் என்பது அவர்களின் பல மாதச் சம்பளம். அவர்களுக்கு வேண்டியது டைட்டானியமா, விலக்கில் எரியும் ஒரு தெருவிளக்கா? நேரத்துக்கு வரும் டவுன் பஸ்ஸா? 181-க்கு அடித்தால் உடனே வந்து நிற்கும் போலீஸா? பெண்கள் மீதான வன்முறையில் பெரும்பங்கு வீட்டுக்குள், தெரிந்த ஆட்களால் நடப்பது. அந்த வீட்டு பீரோவில் ஒரு துப்பாக்கி இருந்தால், அது யார் கையில் முதலில் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிர்பீக் வந்த நேரத்திலேயே மணிப்பூரைச் சேர்ந்த ஆயுத எதிர்ப்புச் செயற்பாட்டாளர் பினாலட்சுமி நெப்ரம் இதைக் கடுமையாக விமர்சித்தார். பெண்களைப் பாதுகாக்கும் பொறுப்பில் அரசு தோற்றதை ஒப்புக்கொள்வதுதான் இது என்பது அவர் வாதம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஒரு பெண்ணின் துயரத்தின் பெயரை ஒரு பொருளுக்கு வைத்து, பாதுகாப்பை அவரவர் கைப்பைக்குள் தள்ளிவிட்டால், மீதி எல்லோரும் கை கழுவிக்கொள்ளலாம்.

அப்போ ரசிக்கவே கூடாதா?

தாராளமாக ரசிக்கலாம். ஃபோஸ்பரியின் வளைந்த பள்ளங்களும் நாகந்தின் நகரும் சிலிண்டரும் இயந்திரப் பொறியியலில் ஆர்வம் உள்ள யாரையும் ஒரு மணி நேரம் உட்கார வைக்கும். மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, அனிமேஷனில் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டிய விஷயங்கள் அவை. மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல பாடமும்கூட.

ஆனால் அடுத்த முறை 'உலகின் வித்தியாசமான ரிவால்வர்' என்று ஒரு வீடியோ வந்தால், மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இது எந்தக் குறையைத் தீர்க்கிறது? அதற்குப் பதிலாக எந்தப் புதுக் குறையைக் கொண்டுவருகிறது? அந்தப் புதுக் குறையின் விலையைக் கொடுப்பவர் யார்? ஃபோஸ்பரியின் விலையைச் சேற்றில் நின்ற சிப்பாய் கொடுத்தார். கோல்ட் ரைஃபிளின் விலையை முன்னால் நீட்டிய கை கொடுத்தது. நிர்பீக் மாதிரி ஒன்றின் விலையை, அந்தப் பில் தொகையைத் தாண்டி, யாரை நம்பி அதை விற்கிறோமோ அந்தப் பெண்தான் கொடுப்பார்.

அதனால் கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு எழுதுவதற்கு முன்னால், உங்கள் ஊர் விலக்குக்கு விளக்கு கேட்டு ஒரு மனு எழுதுங்கள். மனு நாள் திங்கள்கிழமைதான்.